நுனி நீண்டால் நல்லதா?

2003இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காத்தனும் அவருடைய குழுவினரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய 143 பேரிடமிருந்து 1980களில் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த ரத்தம் அவர்களிடம் இருந்தது. அந்த ரத்தத்தின் டி.என்.ஏ.வில் குரோமோசோம் நுனிகளின் நீளத்தை அளந்தார்கள். அந்த மனிதர்கள் எப்போது இறந்தார்கள் என்ற பதிவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நுனி குட்டையாக இருந்தவர்கள் முன்னதாகவே இறந்திருந்தார்கள்.

அந்த நுனிக்கு டெலோமியர் என்று பெயர். இந்த ஆய்வும் இதைப் போன்ற வேறு ஆய்வுகளும் வந்த பிறகு, ‘டெலோமியர் நீளமாக இருந்தால் ஆயுளும் நீளம்’ என்ற நம்பிக்கை ஆய்வகத்தைத் தாண்டிக் கடைவீதிக்கு வந்துவிட்டது. ரத்தத்துளியை அனுப்பினால் ‘உங்கள் உண்மையான வயது இது’ என்று சொல்லும் பரிசோதனைகள் வந்தன. டெலோமியரை நீட்டித் தருவதாகச் சொல்லும் மாத்திரைகளும் வந்தன. இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மறுபாதியைப் புரிந்துகொள்ள ரத்தத்தைவிடப் பொருத்தமான இடம் உடலில் இல்லை. டெலோமியர் குட்டையானால் வரும் ரத்தப்புற்று ஒரு வகை, நீண்டால் வருவது இன்னொரு வகை. இரண்டுமே குடும்பங்களின் மரபணுக்களில் எழுதப்பட்டிருப்பதைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதலில் நுனி ஏன் தேய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1966இல் அலெக்சி ஒலோவ்னிகோவ் என்ற இளம் ஆய்வாளர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஓர் உரையைக் கேட்டார். மனித செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்துவிட்டு நின்றுபோகின்றன என்ற லெனார்டு ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பு பற்றிய உரை அது. ஏன் நிற்கின்றன என்ற கேள்வியுடன் வீடு திரும்பும் வழியில் மெட்ரோ நிலையத்தில் ரயில் வந்து நின்றதும் அவருக்குப் பதில் தோன்றியது. ரயில் எஞ்சின் தண்டவாளத்தின் மீது ஓடியபடியே தண்டவாளத்தைப் பிரதி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது அதன் சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் துண்டை அதனால் பிரதி எடுக்க முடியாது. டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதியின் நிலையும் இதுதான். ஒவ்வொரு பிரிவிலும் நுனியில் கொஞ்சம் விடுபட்டுப்போகும். 1971இல் ரஷ்ய மொழியில் இதை அவர் வெளியிட்டார். மேற்கில் இது பரவலாகத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

விடுபடும் துண்டில் முக்கியமான மரபணு எதுவும் இருந்துவிடக் கூடாது அல்லவா? அதனால்தான் நுனியில் பொருளற்ற எழுத்துகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. மனிதர்களில் அது டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துக் கோவை. ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். பிறக்கும்போது ஒரு நுனியில் சராசரியாகப் பத்தாயிரம் எழுத்துகள் அளவுக்கு இருக்கும். வளர்ந்தவர்களின் ரத்த வெள்ளணுக்களில் ஆண்டுக்கு இருபது முதல் ஐம்பது எழுத்துகள் வரை குறையும். மிகவும் குட்டையாகிவிட்ட நுனியை, உடைந்துபோன டி.என்.ஏ. என்று செல் எடுத்துக்கொண்டு பிரிவதை நிறுத்தும் அல்லது தானே மடியும்.

தேய்ந்ததைத் திரும்ப நீட்டவும் ஒரு நொதி இருக்கிறது. 1984 கிறிஸ்துமஸ் அன்று, பெர்க்லியில் எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில், அவருடைய மாணவி கரோல் கிரைடர் குளத்தில் வாழும் ஒரு செல் உயிரியில் அதன் செயல்பாட்டை முதன்முதலில் கண்டார். பின்னாளில் டெலோமரேஸ் என்று பெயர்பெற்ற அந்த நொதிக்காகவும் டெலோமியர் பற்றிய பணிக்காகவும் இவர்கள் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. டெலோமரேஸில் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. ஆறெழுத்துக் கோவையின் அச்சைத் தன்னுள் வைத்திருக்கும் ஆர்.என்.ஏ. ஒன்று. அதைப் பார்த்து எழுதும் புரதம் மற்றொன்று. முதலாவதன் மரபணு டெர்க், இரண்டாவதன் மரபணு டெர்ட். இவை தவிர, நுனியைப் பொத்திக் காக்கும் ஆறு புரதங்களின் கூட்டணி ஒன்று இருக்கிறது. அதில் பாட்-1 என்ற புரதம் நுனியின் கடைசி ஒற்றை இழையைப் பற்றிக்கொண்டு டெலோமரேஸை அளவோடு மட்டும் உள்ளே விடுகிறது. டெர்க், டெர்ட், பாட்-1 ஆகிய மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதை முழுவதும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது.

வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. இவ்வளவுக்கும் மூலம், ரத்த ஸ்டெம் செல்கள். 2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் குழுவின் கணக்குப்படி, ஒருவரின் ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள் 50,000 முதல் 2,00,000 வரைதான். அவை அடிக்கடி பிரிவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலான இடைவெளியில் பிரிகின்றன. அவற்றில் டெலோமரேஸ் கொஞ்சம் இருக்கிறது. தேய்மானத்தை முழுக்கத் தடுக்க அது போதாது, தாமதப்படுத்த மட்டுமே போதும். அந்தக் கொஞ்சமும் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சில குடும்பங்கள் காட்டின.

ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஜின்சர் 1906இல் விவரித்த அபூர்வ நோய் டிஸ்கெராட்டோசிஸ் கான்ஜெனிட்டா. பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் தெரியவந்தது. முதலில் நகங்கள் மெலியும். நீளவாக்கில் வரிவரியாகக் கோடுகள் விழும். பிறகு நகம் பிளந்து, சிறுத்து, சிலருக்கு இருந்த சுவடே இல்லாமல் போகும். கழுத்திலும் மேல்மார்பிலும் வலை பின்னியதுபோல நிறம் மாறும். நாக்கில் வெள்ளைத் திட்டு படரும். நெடுங்காலம் இதைத் தோல் நோய் என்றே எண்ணினார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது தோல் இல்லை, மஜ்ஜை. பத்து, இருபது வயதுக்குள் மஜ்ஜை வற்றி எல்லா வகை ரத்த அணுக்களும் குறைந்துவிடும். அதைத் தாண்டியவர்களில் சிலருக்கு மைலோடிஸ்பிளாசியா என்ற புற்றுக்கு முந்தைய மஜ்ஜைக் கோளாறும், அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற வேகமான ரத்தப்புற்றும் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக வந்தன.

1998இல் இந்நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் அகப்பட்டது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் டெலோமரேஸோடு ஒட்டியிருந்து அதன் ஆர்.என்.ஏ.வைக் கட்டிக்காக்கிறது என்பதை அடுத்த ஆண்டே காட்டினார்கள். 2001இல் வேறொரு வகைக் குடும்பங்களில் டெர்க் மரபணுவிலேயே பிறழ்வு தெரிந்தது. பிறகு டெர்ட்டிலும் கண்டார்கள். நகமும் தோலும் மஜ்ஜையும் ஏன் சேர்ந்து கெடுகின்றன என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைத்தது. மூன்றும் வாழ்நாள் முழுக்கச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் திசுக்கள். நுனி முதலில் தீர்ந்துபோவது அங்கேதான்.

இந்தக் குடும்பங்களில் இன்னொன்றையும் கவனித்தார்கள். என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி அது. பாட்டனாருக்கு ஐம்பது, அறுபது வயதில் நுரையீரல் தழும்பேறி இறுகும். மகனுக்கு நாற்பதுக்குள் மஜ்ஜை தளரும். பேரனுக்கோ சிறுவயதிலேயே நோய் முழுமையாக வந்து நிற்கும். பிறழ்வு மூவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் பிறழ்ந்த மரபணுவோடு, ஏற்கெனவே குட்டையாகிப்போன நுனியையும் விந்திலும் முட்டையிலும் சேர்த்தே கடத்துகிறது. இங்கே வாரிசுக்குப் போவது மரபணு மட்டும் இல்லை. மரபணு செய்துவைத்த சேதமும் சேர்ந்துதான் போகிறது.

மருத்துவத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானது. இந்நோயாளிக்கு மஜ்ஜை மாற்று செய்யும்போது, பொருந்தும் அண்ணனோ தங்கையோ இருந்தால் அவரையே கொடையாளியாக எடுப்பது வழக்கம். ஆனால் வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் அந்தச் சகோதரருக்கும் அதே பிறழ்வு இருக்கலாம். அவருடைய ஸ்டெம் செல்களும் வலுவற்றவை. 2003இல் பதிவான சம்பவங்களில், கொடையாளியாக வந்த உடன்பிறந்தவரிடம் தேவையான அளவு ஸ்டெம் செல்களைத் திரட்ட முடியாமல் போன பிறகே அவருக்கும் டெர்க் பிறழ்வு இருப்பது தெரியவந்தது. மாற்றுக்கு முன் கொடுக்கும் வழக்கமான கடும் மருந்துகளையும் இவர்களுடைய நுரையீரலும் கல்லீரலும் தாங்குவதில்லை. ஆகவே மருந்தின் அளவைக் குறைத்தாக வேண்டும். ஒரு நகத்தை உற்றுப் பார்க்காமல் விட்டால் இத்தனையும் தவறிப்போகும்.

செல்கள் பிரிய முடியாமல் நின்றுவிடும் நோயில் புற்று எப்படி வருகிறது? மஜ்ஜையில் பெரும்பாலான ஸ்டெம் செல்கள் ஓய்ந்துவிட்டால், எப்படியோ பிரியக் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு செல்களின் வாரிசுகள் காலியான இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. ‘நிறுத்து’ என்ற உத்தரவை மீறும் பிறழ்வைப் பெற்ற செல்லுக்குப் போட்டியே இல்லை. அது லுக்கேமியாவை நோக்கிப் போகும். ஆனால் எல்லாச் செல்களும் அந்தத் திசையில் போவதில்லை. சில நோயாளிகளின் ரத்தத்தில் டெர்ட் மரபணுவின் முகப்புப் பகுதியில் புதிதாக ஒரு பிறழ்வு உண்டாகி, டெலோமரேஸைக் கூடுதலாக உண்டாக்க வைத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். தோலில் மெலனோமா, மூளையில் கிளையோபிளாஸ்டோமா ஆகிய கொடிய புற்றுகளில் அடிக்கடி காணப்படும் அதே பிறழ்வுதான் இது. அங்கே புற்றுக்கு எரிபொருளாகும் மாற்றம், இங்கே வற்றிய மஜ்ஜையில் ஒரு பகுதியைக் காப்பாற்றும் ஈடுகட்டலாக இருக்கிறது. ஆகவே பிறழ்வின் பெயரை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. அது எந்தச் செல்லில், எவ்வளவு நீள நுனியின் மேல் நிகழ்ந்தது என்று பார்த்தாக வேண்டும்.

இப்போது மறுமுனைக்கு வருவோம்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரியவர்களுக்கு வரும் லுக்கேமியாக்களில் மிகப் பரவலானது க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியா. ஆசியர்களிடம் இது குறைவு. பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டித் தெரியவரும், மெதுவாக வளரும் புற்று. குடும்பத்தில் ஓடும் தன்மை இதற்கு மிக அதிகம். நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டரை மடங்கு என்று சுவீடனின் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதன் டெலோமியரை அளந்தவர்கள் முதலில் குழம்பித்தான் போனார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் நுனி குட்டையாக இருந்தது, அதிலும் நோய் முரட்டுத்தனமாக இருந்தவர்களிடம் இன்னும் குட்டையாக இருந்தது. அப்படியானால் குட்டை நுனிதான் இந்தப் புற்றுக்கும் காரணமா? அளக்கப்பட்டது எது என்று யோசித்தால் குழப்பம் தீரும். இந்நோயில் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் பெரும்பகுதி புற்று செல்களே. புற்று செல் பலமுறை பிரிந்து பிரிந்துதான் இவ்வளவு பெருகியிருக்கிறது. அதன் நுனி தேய்ந்திருப்பது புற்றின் விளைவே. நோய் வருவதற்கு முன் அந்த மனிதருக்கு எவ்வளவு நீளம் இருந்தது என்பதை இந்த அளவு சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி மரபணுவில் இருந்தது. நாம் கருவாகும்போதே, டெலோமியரைச் சற்று நீட்டும் அல்லது குறைக்கும் மரபணு வடிவங்கள் பெற்றோரிடமிருந்து கலந்து வந்துவிடுகின்றன. பின்னாளில் வரும் புகைப்பழக்கமோ நோயோ அவற்றை மாற்ற முடியாது. அதனால் அந்த வடிவங்களை வைத்து ‘இவருக்குப் பிறவியிலேயே நீள நுனிக்கு வாய்ப்பு’ என்று கணித்து, எந்தெந்த நோய் அவருக்கு வருகிறது என்று பார்க்கலாம். காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க இது நல்ல முறை. கோபன்ஹேகனில் 64,637 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. ரத்தத்தில் நேரடியாக அளந்தபோது, குட்டை நுனிக்காரர்களிடம் மரணம் அதிகமாக இருந்தது. மரபணு வழியாகக் கணித்தபோதோ, பிறவியிலேயே குட்டை நுனி வாய்த்தவர்களிடம் புற்றுநோய் மரணம் குறைவாக இருந்தது. காத்தனின் முடிவைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கியவர்கள் இந்த இரண்டாவது வரியையும் படித்திருக்க வேண்டும்.

2016இல், பிறவியிலேயே நீள நுனி வாய்த்தவர்களுக்கு க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியா வரும் ஆபத்து அதிகம் என்று இதே முறையில் காட்டினார்கள். 2021இல் பிரிட்டனின் ‘யுகே பயோபேங்க்’ திட்டத்தில் 4,72,174 பேரின் டெலோமியர் நீளத்தையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, நீளத்தைத் தீர்மானிக்கும் 138 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தார்கள். அளவு பெருகப் பெருகப் படமும் தெளிவானது. ஐஸ்லாந்தில் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. டெர்ட் மரபணுவில் ஒரேயொரு எழுத்து சிலருக்கு ஏ, சிலருக்கு சி. சி உள்ளவர்களுக்கு நுனி சற்று நீளம். மஜ்ஜை அளவுக்கு மீறி ரத்த அணுக்களைப் பெருக்கும் மைலோபுரோலிஃபெரேட்டிவ் நோய்களும் அவர்களிடம் அதிகம் என்று 2014இல் கண்டார்கள். ஏ உள்ளவர்கள் தப்பித்தார்களா? நுரையீரல் தழும்பேறும் நோய்க்கான ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம் என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2008லேயே சொல்லியிருந்தது. ஒரே எழுத்து, இரண்டு பக்கமும் விலை.

இவை மக்கள்தொகை அளவில் தெரியும் சிறு சாய்வுகள். பெரும் சாய்வு பாட்-1 மரபணுவில் இருந்தது. ஸ்பெயினின் ஓவியேடோவில் கார்லோஸ் லோபஸ்-ஓட்டினின் குழு 2013இல், க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியா நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினரின் புற்று செல்களில் பாட்-1 பிறழ்ந்திருப்பதைக் கண்டது. 2016இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்நோய் ஓடும் குடும்பங்களை ஆராய்ந்து, சில குடும்பங்களில் அது பிறவியிலேயே பிறழ்ந்திருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, மெலனோமா ஓடும் குடும்பங்களிலும் அதே மரபணு சிக்கியிருந்தது.

2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேரி அர்மேனியோஸ் குழு வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்தது. பாட்-1 பிறழ்வு உள்ள 17 பேர், அதே குடும்பங்களில் பிறழ்வு இல்லாத 21 பேர். பிறழ்வு உள்ளவர்களில் இளையவருக்கு ஏழு வயது, மூத்தவருக்கு 83. இரண்டு ஆண்டு இடைவெளியில் நுனியை அளந்தபோது, பிறழ்வு இல்லாத உறவினர்களுக்கு வழக்கம்போலத் தேய்ந்திருந்தது. பிறழ்வு உள்ளவர்களுக்குத் தேயவே இல்லை. இளமை மாத்திரை விற்பவர்கள் வாக்களிக்கும் அதே நிலை, இவர்களுக்குப் பிறவியிலேயே கிடைத்திருந்தது. அவர்களுக்கு என்ன ஆனது? பல உறுப்புகளில் சாதாரணக் கட்டிகளும் புற்றுக் கட்டிகளும் வந்தன. லிம்ஃபோமாவும் மைலாய்டு ரத்தப்புற்றுகளும் வந்தன. சோதித்த 12 பேரில் எட்டுப் பேரின் ரத்தத்தில், ஒரே பிறழ்ந்த ஸ்டெம் செல்லின் வாரிசுகள் பெருகிப் பரவியிருந்தன. புற்றுக்கு முந்தைய இந்த நிலை, பொதுவாக எழுபதைக் கடந்தவர்களில்கூட ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம்தான் காணப்படும். இந்தக் குடும்பங்களிலும் தலைமுறை இறங்க இறங்க நோய் முன்கூட்டியே வந்தது. குட்டை நுனிக் குடும்பங்களில் பார்த்த அதே போக்கு, நேர் எதிர்த் திசையில்.

நீண்ட நுனி தானாகப் புற்றை உண்டாக்குவதில்லை. அது அவகாசம் கொடுக்கிறது. மைலோபுரோலிஃபெரேட்டிவ் நோய்களில் பலவற்றுக்குக் காரணமான ஜாக்-2 பிறழ்வு எப்போது நிகழ்கிறது என்று கேம்பிரிட்ஜில் ஜோதி நங்காலியாவின் குழு, செல்களின் வம்சாவளியை வரைந்து கணக்கிட்டது. 2022இல் வெளியான விடை மருத்துவர்களையே திகைக்க வைத்தது. பிறழ்வு நிகழ்ந்தது தாயின் வயிற்றிலோ சிறுவயதிலோ. நோய் தெரியவந்தது பல பத்தாண்டுகள் கழித்து. இவ்வளவு காலமும் அந்த ஒரு செல்லின் வம்சம் மெல்ல மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. சாதாரண நீளமுள்ள நுனியாக இருந்தால், இப்படிப்பட்ட பல வம்சங்கள் நடுவழியில் நுனி தீர்ந்து நின்றுபோகும். நமக்குத் தெரியாமலே எத்தனையோ புற்றுகள் இப்படி முளையிலேயே கருகுகின்றன. டெலோமியர் தேய்வதை முதுமையின் சாபம் என்று மட்டும் பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். நெடுங்காலம் வாழும் உடலுக்கு அது காவலும்கூட.

சிகிச்சையும் இப்போது இரண்டு திசையிலும் நடக்கிறது. ஆண் ஹார்மோனை ஒத்த டனசோல் என்ற பழைய மருந்தை, குட்டை நுனியால் மஜ்ஜை தளர்ந்த 27 பேருக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, சிகிச்சைக் காலத்தில் பலருக்கு நுனி நீண்டது, ரத்த அணுக்களும் கூடின. இதற்கு நேர் எதிரானது இமெடெல்ஸ்டாட். டெலோமரேஸின் ஆர்.என்.ஏ. அச்சில் போய் ஒட்டிக்கொண்டு நொதியைச் செயலிழக்க வைக்கும் மருந்து அது. மைலோடிஸ்பிளாசியாவின் ஆபத்து குறைந்த வகைகளில், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் நோயாளிகளுக்காக 2024 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டெலோமரேஸைத் தடுத்தே வேலை செய்யும் மருந்து ஒன்று அங்கே ஒப்புதல் பெற்றது அதுவே முதல்முறை. ஒருவருக்கு ஊட்ட வேண்டிய நொதியை இன்னொருவருக்கு முடக்க வேண்டியிருக்கிறது. யாருக்கு எது என்பதை, வெறுமனே நீளத்தை மட்டும் அளந்து முடிவுசெய்ய இயலாது.

ஆகவே வாசகருக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் டெலோமியரை நீட்டுவதற்கென்று விற்கப்படும் எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். நீட்டினால் நன்மை என்பதற்கு இதுவரை சான்றில்லை, நீள நுனிக்கு ஒரு விலை உண்டு என்பதற்குச் சான்றிருக்கிறது. இரண்டாவது, குடும்பத்தில் இளவயதிலேயே மஜ்ஜை தளர்ந்தவர், நுரையீரல் தழும்பேறியவர், ரத்தப்புற்று கண்டவர் என்று ஒன்றுக்கு மேற்பட்டோர் இருந்தால், அதை ரத்தநோய் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர் முன்வரும்போது, அவருடைய மரபணுவையும் பார்த்துவிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.